செலொப்பியாத்து: மரபுப் பட்டியலில் ஒரு சிறு பெயர்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டை முதலிலிருந்து முடிவுவரை படித்துவிடுவது என்று துணிந்து கையிலெடுப்போர் பலர் இடைவழியில் தளர்ந்து நின்றுவிடுவதுண்டு. அவர்களைத் தளர்விப்பவை பெரும்பாலும் மரபுப் பட்டியல்களே. இன்னார்க்கு மக்கள் இன்னார், அவர்க்கு மக்கள் இன்னார் எனப் பக்கம் பக்கமாகச் செல்லும் அப்பகுதிகளில் கதை இல்லை, அறவுரை இல்லை, நாவிற் பழகாத பெயர்கள் மட்டுமே உண்டு. ஏட்டைப் புரட்டி அப்பால் செல்வதே பெரும்பாலோர் வழக்கம். ஆயினும், வரலாறு பயில்வோர்க்கு இவை புரட்டிவிடத் தக்க பக்கங்கள் அல்ல. ஒரு பழைய மக்கட் கூட்டம் தன் நிலத்தையும் உறவையும் உரிமையையும் எவ்வாறு எண்ணிற்று என்பதை, அரசர்தம் போர்களைக் கூறும் பகுதிகளைவிட இவையே சில வேளைகளில் நன்கு காட்டுகின்றன. அதற்குச் சான்றாக, மனாசே குலத்துப் பட்டியலில் வரும் செலொப்பியாத்து என்னும் ஒரு சிறு பெயரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

செலொப்பியாத்து ஒன்றும் செய்தவன் அல்லன். போரில் வென்றான் என்றோ, ஒரு சொல் பேசினான் என்றோ அவனைப் பற்றி எந்தப் பகுதியும் கூறவில்லை. அவன் பெயரின் பொருள்கூட உறுதியாகத் தெரிந்தபாடில்லை. எண்ணாகமத்தின் 26ஆம் அதிகாரம், மோவாபுச் சமவெளியில் எடுக்கப்பட்ட இரண்டாம் குடிக்கணக்கைக் கூறுமிடத்தில், யோசேப்பின் மகன் மனாசே, மனாசேயின் மகன் மாகீர், மாகீரின் மகன் கீலேயாத்து, கீலேயாத்தின் மக்கள் அறுவருள் ஒருவன் ஏப்பேர், ஏப்பேரின் மகன் செலொப்பியாத்து என்று வரிசை காட்டுகிறது. மனாசே குலத்து ஆடவர் தொகை 52,700 என்பது அக்கணக்கு. மேலே வரும் பெயர் ஒவ்வொன்றுக்கும் அவன் பெயரால் ஒரு குடி உண்டு. மாகீரியர் உண்டு, கீலேயாத்தியர் உண்டு, ஏப்பேரியர் உண்டு. செலொப்பியாத்தின் பெயரால் மட்டும் குடி ஒன்றும் இல்லை. அவனுக்கு ஆண்மக்கள் இல்லை, பெண்மக்கள் ஐவர். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பன அவர்தம் பெயர்கள். படைக்கு உரிய ஆடவரை எண்ணும் ஒரு கணக்கில், பெண் பெயர் மிக அருகியே வரும் ஓரிடத்தில், ஒரே வீட்டுப் பெண்கள் ஐவரின் பெயரும் ஒருங்கே நிற்பது கருதத்தக்கது.

அடுத்த அதிகாரத்தில் அந்த ஐவரும் கூடாரத்தின் வாயிலில் மோசே, குருவாகிய எலெயாசார், தலைவர்கள், மக்களவை ஆகிய எல்லோர் முன்பும் வந்து நிற்கின்றனர். வழக்கு எளியது. தந்தை பாலைநிலத்தில் இறந்தார். அவர் கோராகின் கலகக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். தம் சொந்தக் குற்றத்தாலேயே மாண்டார். ஆண்மகவு இல்லை என்னும் ஒன்றற்காக அவர் பெயர் குடியிலிருந்து அற்றுப்போவது ஏன்? தந்தையின் உடன்பிறந்தாரிடையே தங்களுக்கும் காணி வேண்டும். இவ்வளவே. அவர்தம் வாதத்தின் திறத்தை நோக்குக. சொத்து வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. தந்தையின் பெயர் நிற்கவேண்டும் என்று தொடங்கினர். பெயரும் காணியும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பது அம்மக்கள் யாவரும் ஒப்பிய கொள்கை. தலைவர்கள் மறுக்க இயலாத இடத்திலேயே அவர்கள் கால் ஊன்றினர். மோசே தாமே தீர்ப்புரைக்கவில்லை. வழக்கை இறைவன்முன் கொண்டுசென்றார் என்றும், பெண்கள் கேட்பது முறையே என்று விடை வந்தது என்றும் நூல் கூறுகிறது. அதிலிருந்தே பொதுச் சட்டம் ஒன்றும் பிறந்தது. மகன் இல்லையேல் மகள். மகளும் இல்லையேல் இறந்தவனின் உடன்பிறந்தார். அவரும் இல்லையேல் தந்தையின் உடன்பிறந்தார். அதன் பின்னரே குடியில் நெருங்கிய உறவினர்.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. எண்ணாகமத்தின் இறுதி அதிகாரத்தில் கீலேயாத்துக் குடித் தலைவர்கள் வந்து மறுப்புரைக்கின்றனர். இப்பெண்கள் வேற்றுக் குலத்தாரை மணந்துகொண்டால் காணியும் அக்குலத்துக்குப் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அதன்மேல் வந்த தீர்ப்பு, விரும்பியவரை மணக்கலாம், ஆயின் தந்தையின் குலத்துக்குள்ளேயே மணக்கவேண்டும் என்பது. ஐவரும் தந்தையின் உடன்பிறந்தார் மக்களையே மணந்தனர். தமிழ் வாசகர்க்கு இது சற்று முரணாகத் தோன்றும். பெரியப்பன் சிற்றப்பன் மக்கள் நமக்கு உடன்பிறந்தார் முறையினர், பங்காளிகள், கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர் அல்லர். அங்கோ, காணி பங்காளிகளை விட்டுப் போகாமைப் பொருட்டே பங்காளி மகனை மணப்பது உரிய மணமாயிற்று. முறை வேறாயினும் நிலத்தைப் பற்றிய கவலையை நாம் எளிதில் உணரலாம்.

இன்னும் ஒன்று. யோசுவாவின் காலத்தில் நிலம் பங்கிடப்பட்டபோது அந்த ஐவரும் மீண்டும் வந்து, முன்பு மோசேயின் வாயிலாக ஆணை பிறந்ததே என்று நினைவூட்ட வேண்டியிருந்தது என்று யோசுவா நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆணை பிறந்துவிட்டது என்பதனால் காணி கைக்கு வந்துவிடுவதில்லை என்பதை இந்நூலாசிரியர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

பிற்கால யூத ஆசிரியர்கள் இக்குடும்பத்தைப் பற்றி நிறைய எண்ணினர். செலொப்பியாத்து எக்குற்றத்தால் மாண்டான் என்பது அவர்களை உறுத்திற்று. ஓய்வுநாளில் விறகு பொறுக்கிக் கல்லெறியுண்டு இறந்த பெயரறியா மனிதன் ஒருவன் எண்ணாகமத்தில் வருகிறான். அவனே செலொப்பியாத்து என்றார் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அக்கிபா என்னும் பேராசிரியர். யூதா பென் பெத்தேரா என்னும் மற்றோர் ஆசிரியர் அவரைக் கடிந்துகொண்டார். நீர் கூறுவது உண்மையாயின் மறைநூல் மூடிவைத்ததை நீர் திறந்துவிட்டீர், பொய்யாயின் நல்லவன் ஒருவன்மீது பழி சுமத்தினீர், எப்படியாயினும் நீர் விடை கூறியாகவேண்டும் என்பது அவர் கண்டனத்தின் கருத்து. ஆராய்ச்சியாளர்க்கு அக்கண்டனம் இன்றும் பொருந்தும். நூல் கூறாததை நாமாக நிரப்புதல் இனிது, நிலைநாட்டுதல் அரிது.

இனி, பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவோம். இங்குத்தான் சிக்கல் தொடங்குகிறது. எண்ணாகமத்தின்படி ஈயேசேர், ஏலேக்கு, அஸ்ரியேல், செகேம், செமீதா, ஏப்பேர் ஆகிய அறுவரும் கீலேயாத்தின் மக்கள், மனாசேக்குக் கொள்ளுப்பேரர். யோசுவா நூலின் 17ஆம் அதிகாரமோ, ஈயேசேரை அபியேசர் என்று பெயர் கூறி, அதே அறுவரையும் மாகீரோடு சேர்த்து மனாசேயின் மக்களாகவே வைக்கிறது. அடுத்த அடியிலேயே ஏப்பேரைக் கீலேயாத்தின் மகன் என்றும் சொல்கிறது. முதலாம் நாளாகமத்தின் 7ஆம் அதிகாரத்துக்கு வந்தால் உறவு மேலும் குலைகிறது. அங்கே அஸ்ரியேல் மனாசேயின் மகன். செகேம் செமீதாவின் மகன். அபியேசர் கீலேயாத்தின் உடன்பிறந்தாள் ஒருத்திக்குப் பிறந்தவன். அவனோடு மக்லாள் என்னும் பெயரும் அவள் மக்களுள் ஒன்றாக வருகிறது. செலொப்பியாத்துக்குப் பெண்மக்கள் இருந்தனர் என்று மட்டும் கூறிவிட்டு, அவர்கள் பெயரைக் கூறாமலே நாளாகம ஆசிரியர் அப்பால் போய்விடுகிறார்.

ஒரே ஆள் ஒருவனுக்கு மகனாகவும் உடன்பிறந்தானாகவும் மருமகனாகவும் இருத்தல் இயலாது. ஆதலின் இப்பட்டியல்கள் பிறப்புப் பதிவேடுகள் அல்ல என்பது தெற்றென விளங்கும். அவ்வாறாயின் இவை யாவை? 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் விரைந்து ஒரு முடிவுக்கு வந்தனர். முரண்பாடு உண்டு, ஆகவே புனைவு என்றனர். செருமானிய அறிஞர் வெல்ஹவுசன் நாளாகமத்தின் பட்டியல்களைப் பெரும்பாலும் பிற்காலத்தார் கட்டியவை என்றே ஒதுக்கினார். நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோக்கினால் அம்முடிவை மறுப்பது எளிதன்று.

மறுப்பு மண்ணிலிருந்து வந்தது. பாலத்தீனத்தில் நாப்லுசு நகருக்கு வடமேற்கே சபஸ்தியா என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்த குன்றே பழைய சமாரியா. ஒம்ரி என்னும் அரசன் அக்குன்றைச் செமேர் என்பவனிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தன் தலைநகரை அமைத்தான் என்பது அரசர் வரலாறு. கி.மு. 722ஐ ஒட்டி அசீரியர் கைப்பற்றும்வரை வடநாட்டு இஸ்ரவேலின் தலைநகர் அதுவே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1908 முதல் 1910 வரை அங்கு அகழ்ந்தனர். எகிப்திய அகழாய்வில் பெயர்பெற்ற ரைசினர் தலைமையில் 1910இல் பணி நடந்தபோது, அரண்மனையை அடுத்த ஒரு கட்டடத்தின் தளத்தை நிரப்பியிருந்த மண்ணிலிருந்து, மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகள் நூற்றுக்குமேல் வெளிப்பட்டன. படிக்கத் தக்கவை என 63 சில்லுகளின் வாசகம் 1924இல் நூலாக வெளியிடப்பட்டது. அச்சில்லுகள் இசுதான்புல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அகழ்ந்த நாளில் அந்நாடு துருக்கியர் ஆட்சியில் இருந்தது அன்றோ.

இச்சில்லுகளில் பாட்டும் இல்லை, வழிபாட்டுரையும் இல்லை. அரண்மனைக் கணக்கர் எழுதிய வரவுக் குறிப்புகள் இவை. உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, இன்ன ஆண்டு, இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு சாடி பழந்தேறல் அல்லது தூய்மை செய்த எண்ணெய் என்று இரண்டு மூன்று வரியில் எழுதினர். ஆண்டுகள் 9, 10, 15 எனக் குறிக்கப்படினும் எவ்வரசனின் ஆண்டு என்று எழுதப்படவில்லை. அரண்மனையில் இருந்தவர்க்கு அது சொல்லாமலே தெரியும். எழுத்தின் வடிவைக் கொண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று அறிஞர் கணித்துள்ளனர். யோவாசு, இரண்டாம் எரொபெயாம் ஆகியோர் காலம் அது. சில்லுகளில் வரும் ஆட்பெயர்கள் யாவர்? பண்டத்தை அனுப்பிய நிலக்கிழாரா, தலைநகரில் இருந்துகொண்டு பெற்ற பெருமக்களா என்பது பற்றி யாதீன், ரெய்னி முதலியோரிடையே நீண்ட வாதம் நிகழ்ந்தது. 2020இல் தெல் அவீவு பல்கலைக்கழகத்தார் 31 சில்லுகளின் கையெழுத்தைக் கணினி கொண்டு ஒப்பிட்டு, அவற்றுள் பெரும்பகுதியை எழுதியவர் இருவரே எனக் கூறினர். கணக்கு ஊர்தோறும் எழுதப்பட்டு வந்ததன்று, தலைநகரிலேயே ஓரிருவர் எழுதியது என்பது அதனால் பெறப்படுகிறது.

நமக்கு வேண்டியது இச்சில்லுகளில் வரும் பகுதிப் பெயர்கள். 15ஆம் ஆண்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் பண்டத்தின் பெயர் இல்லை. ஆனால் ஊருக்கு மேலாக, அவ்வூர் அடங்கிய நாட்டுப்பகுதியின் பெயர் உண்டு. அப்பகுதிகள் எவை என்று பார்த்தால் அபியேசர், ஏலேக்கு, அஸ்ரியேல், செகேம், செமீதா என வருகின்றன. மனாசே பட்டியலில் நாம் கண்ட அதே பெயர்கள். அவற்றோடு இன்னும் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று நோவா, மற்றொன்று ஒக்லா. செலொப்பியாத்தின் பெண்மக்கள் இருவரும் இங்கே வருவாய்ப் பகுதிகளாக நிற்கின்றனர்! ஒக்லாப் பகுதியைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படும் ஊர், சமாரியாவுக்கு வடகிழக்கே இன்றும் யாசீது என்று வழங்கும் சிற்றூரே என்பது பெரும்பாலோர் கொள்கை.

இங்கு மொழிபற்றி ஒரு சொல். தமிழாசிரியர்கள் இதனை விரும்பிக் கேட்பர் என்று எண்ணுகிறேன். தமிழ் விவிலியத்தில் வெள்ளத்திலிருந்து பேழையால் பிழைத்தவர் பெயரும் நோவா. இப்பெண்ணின் பெயரும் நோவாளே. இரண்டும் ஒரே பெயரின் ஆண்பால் பெண்பால் வடிவங்கள் போலத் தோன்றும். எபிரெய மொழியில் இவை முற்றிலும் வேறான பெயர்கள். பேழையர் பெயரின் இறுதி மெய் 'ஹேத்து' என்னும் எழுத்து. பெண்ணின் பெயரில் இடையே வருவது 'அயின்' என்னும் எழுத்து. அவ்விரண்டு மிடற்றொலிகளும் தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ஆகவே இரு மொழிபெயர்ப்பிலும் பெயர்கள் ஒன்றாய்க் கலந்தன. சமாரியாச் சில்லில் இருப்பது அயின் எழுதிய பெண்பெயரே. மேலும், எபிரெயத்தில் இப்பெண் பெயர்கள் யாவும் ஆகார ஓசையில் முடிவன. ஊர்ப்பெயர்களும் அவ்வாறே முடிவது வழக்கு. தமிழில் மொழிபெயர்த்தோர் பெண்பால் தோன்ற வேண்டி ளகர ஒற்றைச் சேர்த்தனர். மக்லாள், திர்சாள் என்று அவர்கள் வழங்கியது நம் மொழிக்கு இயல்பே. ஆயின் அந்த ஓர் ஒற்று, பெயருக்குள் ஊர் இருப்பதை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

எபிரெய வழக்கில் ஊரும் நாடும் பெண்பால். ஒரு பேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களை அப்பேரூரின் 'பெண்மக்கள்' என்றே கூறுவர். யோசுவா நூலில் செலொப்பியாத்தின் பெண்மக்கள் காணி பெற்ற அதே 17ஆம் அதிகாரத்தில், சில அடிகளுக்கு அப்பால், பெத்செயானும் அதன் 'பெண்மக்களும்' மனாசேக்கு உரியவை என்று மூலத்தில் உள்ளது. அவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஊர்கள் என்றே பொருள்கொண்டு எழுதினர், அது சரியே. 'தந்தை' என்பதும் அவ்வாறே ஊருக்கும் நாட்டுக்கும் வழங்கும். கீலேயாத்து என்பது யோர்தானுக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டின் பெயர். நியாயாதிபதிகள் நூலில் எப்தா என்னும் வீரனைக் கீலேயாத்து பெற்றான் என்று வருகிறது; நாடே தந்தையாகிறது. அதே நூலிலுள்ள தெபொராளின் பாட்டு மிகப் பழையது என்பர், அதில் போருக்கு வந்த குலங்களை எண்ணுமிடத்து மனாசே என்னும் பெயரே இல்லை, மாகீர்தான் உள்ளது. பட்டியலில் தனி ஆளாக நிற்கும் மாகீர், பாட்டில் ஒரு முழுக் குலம். அபியேசரும் கிதியோன் பிறந்த குடியாகவே நியாயாதிபதிகள் நூலில் வருகிறது.

இவ்வாறு நோக்குங்கால் பட்டியல்களின் முரண்பாடு புதிய ஒளி பெறுகிறது. செகேம் எனப்படும் சீகேம் நகர் கி.மு. 19ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தியப் படைத்தலைவன் ஒருவனின் நடுகல்லில் குறிக்கப்படுகிறது, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா மடல்களிலும் வருகிறது. மனாசே குலம் அந்நாட்டில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்த நகர் அது. பட்டியலிலோ அது மனாசேயின் வழித்தோன்றல். தந்தையினும் மூத்த மகன்! திர்சாவும் அப்படியே. யோசுவாவிடம் தோற்ற கானானிய அரசர்களின் பட்டியல் அந்நூலின் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதில் ஏப்பேரின் அரசன் ஒருவன் வருகிறான். திர்சாவின் அரசன் ஒருவனும் வருகிறான். ஆகவே விவிலியத்தின் சொந்தக் கூற்றின்படியே, இஸ்ரவேலர் நிலத்தில் கால் வைக்குமுன் அவ்விரண்டும் நகர்கள். சாலொமோனின் வருவாய்ப் பிரிவுகளுள் ஒன்றாக ஏப்பேர் நாடு பின்னர்க் குறிக்கப்படுகிறது. திர்சாவோ ஒம்ரி சமாரியாவை வாங்குமுன் வடநாட்டின் தலைநகராகவே விளங்கிற்று. உன்னதப்பாட்டில் தலைவியின் அழகுக்கு உவமையாக எருசலேமோடு சேர்த்து வைக்கப்படும் பெருமையும் அதற்கு உண்டு. நாப்லுசுக்கு வடகிழக்கேயுள்ள தெல் எல்-பாரா என்னும் மேட்டை, எருசலேமில் இருந்த பிரெஞ்சு விவிலியப் பள்ளியின் தெ வோ அடிகள் 1946 முதல் 1960 வரை அகழ்ந்து, அதுவே திர்சா என்று கூறினார். இன்று அதனைப் பெரும்பாலோர் ஒப்புவர்.

பழைய கானானிய ஊர்கள் ஒவ்வொன்றாக ஒரு குலத்தின் ஆட்சிக்குள் வந்து சேர்கின்றன. வந்தவரை உறவாக்கிக்கொள்ளும் வழி யாது? இன்றாயின் உடன்படிக்கை எழுதுவோம். அன்று மகன் என்றும் மகள் என்றும் பெயர் இட்டனர். ஊர்களின் நிலை மாறியபோது உறவும் மாற்றி எழுதப்பட்டது. செகேம் ஒரு காலத்தில் செமீதாவுக்கு இணை, மற்றொரு காலத்தில் செமீதாவுக்குக் கீழ். பட்டியல் முரண்படுவது கணக்கன் செய்த பிழையன்று. கணக்கு எழுதிய காலம் வேறு என்பதே என் கருத்து. யோசுவா நூல் மனாசேக்கு மேற்கே பத்துப் பங்கு என்று கூறுவதன் கணக்கும் இதனால் தெளிவாகும். ஏப்பேரின் உடன்பிறந்தார் ஐவருக்கு ஐந்து, ஏப்பேருக்கு உரிய ஒன்றுக்கு மாற்றாகப் பெண்மக்கள் ஐவருக்கு ஐந்து, ஆகப் பத்து. பழைய ஏப்பேர் நாடு ஐந்து பகுதிகளாகப் பிரிந்து நின்ற நிலையே இவ்வெண்ணில் பதிந்துள்ளது எனலாம்.

வெல்ஹவுசன் காலத்து ஐயத்துக்கும் விடை இதிலேயே உள்ளது. எண்ணாகமம் இன்றுள்ள வடிவம் பெற்றது சமாரியா வீழ்ந்து நெடுங்காலம் கழித்தே என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கொள்கை. அவ்வாறாயின், வடநாடு அழிந்தபின் எருசலேமிலோ பாபிலோனிலோ இருந்து எழுதிய ஒருவர், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் வரவுச் சீட்டில் உள்ள பகுதிப் பெயர்களைத் தாமே கற்பித்திருத்தல் ஒல்லாது. அவை வழிவழி வந்த செய்தி. பட்டியல் பிறப்புப் பதிவேடு அன்று; புனைவும் அன்று. நிலத்தின் வரலாறு உறவுமொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

அவ்வாறாயின் மோசேயின் முன் நின்று வாதாடிய ஐந்து பெண்கள் எங்கே போயினர் என்று வாசகர் கேட்பர், கேட்பதே முறை. பெயரை ஊர் என்று காட்டிவிட்டு, அத்துடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடும் ஆராய்ச்சியாளர் சிலர் உளர். எனக்கு அது போதாது. ஐந்து பகுதிகளுக்கு ஒரு காரணம் கூறுவதற்காக மட்டும் இக்கதை எழுந்தது எனின், அறுவரோடு ஐவரைச் சேர்த்து ஏப்பேரின் ஆண்மக்கள் என்று எழுதிவிட்டிருக்கலாம். செகேமை மகனாக்கியவர்க்கு ஒக்லாவை மகனாக்குவது அரிதா? அவ்வாறு செய்யாமல், ஆண்மகவு அற்ற ஒரு தந்தையையும், அவை ஏறி வழக்குரைக்கும் பெண்களையும், மறுப்புரைக்கும் பங்காளிகளையும், மீண்டும் வந்து நினைவூட்டலையும் வைத்ததற்குக் காரணம், அத்தகைய வழக்குகள் நாட்டில் உண்மையாகவே நிகழ்ந்தன என்பதே ஆகும்.

அவை அங்கு மட்டும் நிகழ்ந்தவை அல்ல. சுமேரிய நாட்டு லகாசின் தலைவன் குதேயா, ஏறத்தாழ கி.மு. 2100இல், ஆண்மகன் இல்லாத வீட்டில் மகளை உரிமையாளி ஆக்கியதைத் தன் சிலை ஒன்றில் பெருமையாகப் பொறித்துள்ளான். சிரியாவிலுள்ள எமார் நகரின் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடுகளில், தந்தை ஒருவன் தன் மகளைச் சட்டப்படி ஆணும் பெண்ணுமாக ஆக்கி உரிமை எழுதிவைத்த செய்திகள் உண்டு. மகளை மகன் என்று எழுதினால்தான் குலதெய்வத்தையும் வீட்டையும் அவளிடம் விடலாம். எண்ணாகமச் சட்டம் அந்தச் சொல்வித்தையை நாடவில்லை. மகளை மகள் என்றே நிறுத்தி உரிமை தருகிறது. அதே வேளையில் மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை என்பதையும் மாற்றவில்லை. யோபு தம் புதல்வியர்க்கு அவர்தம் உடன்பிறந்தாரிடையே உரிமை தந்ததை யோபு நூல் தனித்து எடுத்துக் கூறுவதிலிருந்தே அது எத்துணை அரிய செயல் என்பது விளங்கும்.

ஆண்மகவு அற்ற தந்தையர் வேறு சிலரும் பட்டியல்களில் உளர். யூதா குலத்துச் சேசான் தன் மகளை எகிப்திய அடிமையாகிய யர்காவுக்குக் கொடுத்தான். மரபு அவ்வழியே பல தலைமுறை எண்ணப்படுகிறது. கீலேயாத்தியனான பர்சிலாயின் பெண்மக்களுள் ஒருத்தியை மணந்த குரு ஒருவர் அவ்வீட்டின் பெயரையே தமக்குச் சூடிக்கொண்டார். பாபிலோனிலிருந்து மீண்ட காலத்தில் அவர் வழியினர் தம் மரபு ஏட்டைத் தேடினர், காணவில்லை, குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டனர் என்று எஸ்றா நூல் கூறுகிறது. பெண்வழிப் பெயர் காணியைத் தருவதும் உண்டு, பணியைப் பறிப்பதும் உண்டு. இத்தகைய ஏடுகளை வறட்டுப் பெயர்க்குவியல் என்று அக்காலத்தார் எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

நாளாகம ஆசிரியர் செலொப்பியாத்தின் பெண்மக்களின் பெயரைக் கூறாது விட்டதற்கும் இங்கே காரணம் தேடலாம். அவர் எழுதியது பாரசீகர் காலத்தில் அல்லது அதற்குப் பின். அந்நாளில் நோவா, ஒக்லா என்ற பகுதிகளிலிருந்து தேறலும் எண்ணெயும் பெறும் அரண்மனை இல்லை. பெயர்களின் பயன் போயிற்று, பெயர்களும் போயின. மக்லாள் என்பது மட்டும் வேறொரு கிளையில், தந்தை மாறி, தங்கிவிட்டது.

தந்தையின் பெயர் குடியிலிருந்து அற்றுப்போகலாகாது என்பதே அந்த ஐவரின் வேண்டுகோள். சமாரியாவின் ஓட்டுச் சில்லுகளில் ஏப்பேர் என்ற பெயர் இல்லை. செலொப்பியாத்து என்ற பெயரும் இல்லை. ஒக்லா இருக்கிறது, நோவா இருக்கிறது, கரிய மையில் எழுதப்பட்டு, ஆண்டு 15 என்ற குறிப்புடன்.